பிரதமர் பேர் மிஷினில் இல்லை

வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை என்ற மூன்று மக்களவைத் தொகுதிகளிலும் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிற எல்லோருக்கும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, சுயேச்சையாக இருந்தாலும் சரி, வணக்கம்.

சீட்டு யாருக்கென்றே முடிவாகவில்லை, அதற்குள் கடிதமா என்று கேட்பீர்கள். பட்டியல் வந்த பிறகு உங்களைப் பிடிக்க முடியாது. திறந்த ஜீப்பில் ஏறி, கூப்பிய கையோடு எங்கள் தெருவை முக்கால் நிமிஷத்தில் கடந்துவிடுவீர்கள், பின்னால் வருகிற ஆட்டோ ஸ்பீக்கரில் உங்கள் பேர் ஒரு தடவை வந்தால் உங்கள் தலைவர் பேர் பத்து தடவை வரும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் 28 வருஷம் சமூக அறிவியல் வாத்தியாராக இருந்தவன். இப்போது ஓய்வு, பெரம்பூரில் வாசம். வாத்தியார் என்றால் தேர்தல் வேலை தானாக வந்து சேரும். முந்தின நாளே மிஷினோடு போய் இறங்கி, வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொசுக்கடியில் படுத்து, விடிவதற்குள் எழுந்து மாதிரி வாக்குப்பதிவு நடத்தி... சரி, அந்தப் புலம்பல் வேண்டாம். ஒரு மக்களவைத் தேர்தலில் நடந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எழுபது வயசு தாண்டிய ஒரு அம்மா, விரலில் மை வைத்துக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தலையை மட்டும் வெளியே நீட்டி, "இதுல பிரதமர் பேர் எங்கப்பா இருக்கு?" என்றார். ஏஜெண்டுகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். சாவடிக்குள் நாங்கள் வாயை அளந்துதான் திறக்க வேண்டும் என்பதால், "அவர் பேர் இருக்காதும்மா, நம்ம தொகுதியில நிக்கறவங்க பேர்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா விடவில்லை.

"அப்போ அவரை யார் போடறது?"

வெளியே வரிசை நீண்டுகொண்டே போகிறது. "நீங்க போடறவங்க போடுவாங்கம்மா" என்றேன். முகம் ஒரு மாதிரி ஆனது, உள்ளே போனார், பீப் சத்தம் கேட்டது.

அவருக்குக் குழப்பத்தை உண்டாக்கியது நீங்கள்தான், அதாவது உங்களுக்கு முன்னால் நின்றவர்கள். ஒரு தேர்தலில் எங்கள் தெருவுக்கு வந்த வேட்பாளர் ஒருவர், பேர் எதற்கு, கட்சியும் எதற்கு, என் கையைப் பிடித்துக்கொண்டு "சார், என்னைப் பாக்காதீங்க, பிரதமர் யார்னு மட்டும் பாருங்க" என்றார். அடுத்த தேர்தலில் எதிர்ப்பக்கத்து ஆள் வந்தார். அவர் சொன்னது, "சார், இந்தப் பிரதமரை இறக்கணும்னா எங்களுக்குப் போடுங்க." இரண்டு பேருமே நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் டெல்லிக்குப் போய்த் தான் என்ன செய்யப்போகிறோம் என்று இரண்டு பேருமே ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவன் தன் முதலாளியின் பெருமையை மட்டும் பேசிவிட்டு எழுந்து போன மாதிரி இருந்தது.

பிரதமர் எப்படி வருகிறார் என்று அரசியலமைப்பில் தேடினால் ஏமாந்துதான் போவீர்கள். 75-வது பிரிவில் ஒரு வரி: பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார், மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பார். யாரை, எப்படிப் பொறுக்குவது என்று ஒன்றும் கிடையாது. அப்படியானால் குடியரசுத் தலைவர் தன் இஷ்டத்துக்கு யாரையும் கூப்பிடலாமா என்று பையன்கள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அதே பிரிவில் கொஞ்சம் கீழே பதில் இருக்கிறது. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. சபையின் நம்பிக்கை இல்லாதவரைக் கூப்பிட்டால் அவர் ரொம்ப நாள் தாங்கமாட்டார். 543 பேர் இருக்கிற சபையில் 272 பேர் யார் பக்கம் நிற்கிறார்களோ அவர்தான் பிரதமர், நிற்பது எவ்வளவு நாளோ அவ்வளவு நாள்தான் பிரதமர். அந்த 272ல் ஒருவராகவோ, எதிரே உட்காருகிற மீதிப் பேரில் ஒருவராகவோ இருக்கத்தான் உங்களை அனுப்புகிறோம். வாராணசிக்காரரும் ரேபரேலிக்காரரும் போட்ட ஓட்டும் ஓர் எம்.பி.க்குத்தான். பிரதமருக்கென்று ஓட்டுப் போட்ட வாக்காளர் இந்த நாட்டில் இன்றுவரை ஒருவர்கூட இல்லை.

இன்னும் சொல்லப்போனால் பிரதமர் ஆகிறவர் அன்றைக்கு எம்.பி.யாகக்கூட இருக்க வேண்டியதில்லை. 1991ல் நரசிம்ம ராவ் பதவி ஏற்றபோது அவர் எந்தச் சபையிலும் இல்லை, அப்புறம்தான் நந்தியால் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்தார். 1996ல் தேவ கௌடா கர்நாடக முதலமைச்சர் நாற்காலியிலிருந்து நேராகப் போனவர். ஆறு மாசத்துக்குள் ஏதாவது ஒரு சபைக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மன்மோகன் சிங் பத்து வருஷமும் மாநிலங்களவை உறுப்பினராகவே பிரதமராக இருந்தார். மக்களவைக்கு யாரும் அவரை ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை, ஆனால் மக்களவை அவரைத் தாங்கியது.

இதெல்லாம் நமக்கு ஒன்றும் புதுசும் இல்லை. 1967ல் அண்ணா சட்டமன்றத் தேர்தலில் நிற்கவே இல்லை. அவர் நின்றது தென் சென்னை மக்களவைத் தொகுதியில், ஜெயித்தது டெல்லிக்கு. திமுகவுக்குச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை வந்ததும் அவர் முதலமைச்சர் ஆனார், எம்.பி. பதவியை விட்டுவிட்டு, அப்போது இருந்த சட்ட மேலவை வழியாகக் கோட்டைக்குள் வந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தது ஜெயித்து வந்த எம்.எல்.ஏ.க்கள். ஆனாலும் ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், "அண்ணாவுக்குத்தான் ஓட்டுப் போட்டோம்" என்பார்கள். அது மனசளவில் உண்மை, சட்டப்படி வேறு. பிறகு இதே பாடத்தை 2017 பிப்ரவரியில் கூவத்தூர் ரிசார்ட் நமக்கு இன்னும் விளக்கமாக நடத்தியது. 122 எம்.எல்.ஏ.க்கள் கையைத் தூக்கினால் ஒருவர் முதலமைச்சர், மாநிலமே வாயைப் பிளந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாலும் அதற்குக் கணக்கில் இடமில்லை. அந்த வருஷம் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வாக்கெடுப்பைப் பற்றி நான் விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

காமராஜரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிரச்சாரத்தில் நீங்கள் எல்லோருமே "பிரதமர்களை உருவாக்கிய காமராஜர்" என்று ஆரம்பிப்பீர்கள். உருவாக்கினார், மறுக்கவில்லை. ஆனால் எப்படி? 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி இறந்துபோன பிறகு, காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் இந்திரா காந்தியின் பக்கம் முதலமைச்சர்களையும் மற்ற தலைவர்களையும் திரட்டினார். மொரார்ஜி தேசாய் ஒத்துக்கொள்ளவில்லை, போட்டி வைத்தே தீர வேண்டும் என்று நின்றார். காங்கிரஸ் எம்.பி.க்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்டார்கள், 355க்கு 169. காமராஜரே ஆனாலும் கடைசியில் எம்.பி.க்களின் ஓட்டுப்பெட்டியைத் தாண்டிப் போக முடியவில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். அன்றைக்கு உங்கள் மாதிரி ஓர் எம்.பி.யின் ஓட்டுக்கு இருந்த மதிப்பை நினைத்துப் பாருங்கள்.

தென் சென்னையில் நிற்கப்போகிறவர்கள் இன்னொருவரையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1977லும் 1980லும் அந்தத் தொகுதியிலிருந்து போனவர் ஆர். வெங்கட்ராமன், பின்னாளில் குடியரசுத் தலைவர். அவர் காலத்தில்தான் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காத சபைகள் அடுத்தடுத்து வந்தன. 1989ல் 197 இடங்களோடு காங்கிரஸ்தான் தனிப்பெரும் கட்சி, ஆனால் ராஜீவ் காந்தி ஆட்சி அமைக்க முன்வரவில்லை. அதைவிடக் குறைவான இடங்கள் இருந்த வி.பி. சிங், ஒரு பக்கம் பாஜகவும் மறுபக்கம் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்க, பிரதமர் ஆனார். பதினொரு மாசத்தில், 1990 நவம்பர் 7ல், சபை அவரைக் கீழே இறக்கியது. அடுத்து சந்திரசேகர், காங்கிரஸ் தோளில் உட்கார்ந்து. அந்தத் தோள் விலகியதும் அவரும் போனார். பிறகு நரசிம்ம ராவ். நம்ம ஊரிலிருந்து எம்.பி.யாகப் போன ஒருவர் ஐந்து வருஷத்துக்குள் மூன்று பிரதமர்களுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார், மூன்று தடவையும் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: சபையில் உங்கள் பக்கம் எத்தனை பேர்?

இந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் "ஐயோ, அந்த நிலையில்லாத ஆட்சியெல்லாம் மறுபடி வேண்டுமா சார்" என்பார்கள். அதுவும் நியாயம்தான். 1979ல் சரண் சிங் நாடாளுமன்றத்தைப் பிரதமராக ஒரு நாள்கூட எதிர்கொள்ளாமலே ராஜினாமா செய்தார். 1999 ஏப்ரல் 17ல் வாஜ்பாய் 269க்கு 270 என்று ஒரே ஒரு ஓட்டில் விழுந்தார். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்த கதை அது, இங்கே போயஸ் தோட்டத்தில் அடித்த காற்றில் டெல்லியில் மரம் சாய்ந்தது. அடுத்த மாசமே கார்கிலில் சண்டை, சபையில் தோற்ற காபந்துப் பிரதமராகவே அவர் அந்தப் போரை நடத்தி முடித்தார். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு ஓட்டு என் வகுப்பில் செய்த வேலையை எந்தப் பாடப்புத்தகமும் செய்ததில்லை. "எங்க எம்.பி. ஒருத்தர்தானே, 543ல ஒருத்தர் என்ன சார் பண்ணிட முடியும்" என்று கேட்கிற பையனுக்கு 269, 270 என்று போர்டில் எழுதிவிட்டு நான் பேசாமல் நின்றுகொள்வேன்.

நிலையான ஆட்சியா, பொறுப்பான ஆட்சியா என்ற இந்தக் கேள்வியை அரசியலமைப்பு எழுதியவர்கள் யோசிக்காமல் விட்டுவிடவில்லை. 1948 நவம்பர் 4ல் வரைவை அரசியல் நிர்ணய சபையில் வைத்துப் பேசிய அம்பேத்கர் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். நிலைத்தன்மையும் பொறுப்பும் ஒரே அளவில் கிடைக்கிற முறை எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை, அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம், நாடாளுமன்ற முறையில் பொறுப்பு அதிகம், இந்த வரைவு பொறுப்பின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொன்னார். அதிலும் ஒரு நுணுக்கம் வைத்தார். ஆட்சியாளரை வாக்காளர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்பது ஒன்று, சபை உறுப்பினர்கள் கேள்வியாலும் தீர்மானத்தாலும் ஒத்திவைப்புத் தீர்மானத்தாலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தாலும் தினமும் கணக்குக் கேட்பது இன்னொன்று, தினமும் கேட்பதற்குத்தான் வலு அதிகம் என்றார்.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கேட்பது என் வேலை. தினமும் கேட்பது உங்கள் வேலை. என் வேலையை மட்டும் நினைவுபடுத்த வீடு வீடாக வருகிறீர்களே, உங்கள் வேலையைப் பற்றி எப்போது பேசுவீர்கள்?

பிரதமர் பதவியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாற்காலி வேண்டும், வலுவாகவும் வேண்டும். அதே அம்பேத்கர்தான் பிரதமரை வளைவின் உச்சியில் இருக்கிற நடுக்கல்லுக்கு ஒப்பிட்டார். எழும்பூர் ஸ்டேஷன் முகப்பில் வளைவுகளைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி வளைவில் நடுவில் இருக்கிற ஒரு கல்தான் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கும். அமைச்சர்களை எடுக்கவும் நீக்கவும் ஒருவர் கையில் அதிகாரம் இல்லாவிட்டால் கூட்டுப்பொறுப்பு என்பது வெறும் பேச்சு, ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். அதனால்தான் இலாகா ஒதுக்குவது, கேபினட் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, ஒத்துவராத அமைச்சரை வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் பிரதமர் கையில். ஆனால் நடுக்கல் தானாக ஆகாயத்தில் நிற்காது, பக்கத்துக் கற்கள் தாங்கினால்தான் அது உச்சி.

பக்கத்துக் கற்களைக் கேட்காமலே உச்சிக்கல் முடிவெடுத்த ராத்திரி ஒன்று உண்டு. 1975 ஜூன் 25 இரவு, பிரதமர் சொல்லி, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைக்குக் கையெழுத்துப் போட்டார். அமைச்சரவையைக் கூப்பிட்டுத் தகவல் சொன்னது மறுநாள் விடிகாலை, எல்லாம் முடிந்த பிறகு. அந்த அறையில் இருந்த அமைச்சர்கள் தலையாட்டினார்கள். அதன் சூடு 1976 ஜனவரி 31ல் நம் கோட்டை வரைக்கும் வந்தது, கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. பின்னால் 1978ல் 44-வது திருத்தம் வந்தபோது, கேபினட்டின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்கலாம் என்று 352-வது பிரிவில் சேர்த்தார்கள். கேபினட் என்ற சொல் நம் அரசியலமைப்பில் வருகிற ஒரே இடம் அதுதான். ஒரு சொல்லை உள்ளே கொண்டுவர எத்தனை பேர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது பாருங்கள்.

இன்னொரு பக்கமும் நடந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நான் வெறும் குறைசொல்லி ஆகிவிடுவேன். ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலை வழியாக எத்தனை தடவை போயிருப்பீர்கள், அந்த டி.டி.கே. யார்? டி.டி. கிருஷ்ணமாச்சாரி, 1952ல் சென்னையிலிருந்தே மக்களவைக்குப் போனவர், நேருவின் நிதியமைச்சர். 1957 டிசம்பரில் அவர் துறையின் கீழ் இருந்த எல்.ஐ.சி., முந்த்ரா என்கிற வியாபாரியின் கம்பெனிகளில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் போட்டது எப்படி என்று மக்களவையில் ஒருவர் எழுந்து குடைந்து குடைந்து கேட்டார். கேட்டவர் எதிர்க்கட்சி இல்லை. ஆளும் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி, பிரதமரின் சொந்த மாப்பிள்ளை. நீதிபதி சாக்ளா தலைமையில் வெளிப்படையான விசாரணை நடந்தது, 1958ல் டி.டி.கே. ராஜினாமா செய்தார். சபையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கையில் வைத்திருந்த பிரதமர் நேரு, ஆனாலும் தன் கட்சிக்காரர் ஒருவரின் கேள்வியால் தன் நிதியமைச்சரை இழந்தார். ஆட்சி கவிழவில்லை. நேருவின் மரியாதையும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"அந்தக் காலம் வேற சார், இப்போ கொறடா உத்தரவு இருக்கே" என்று சொல்வீர்கள். சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடுகிற உத்தரவு, இருக்கிறது. 1985ல் 52-வது திருத்தம் வந்தது, பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம். காலையில் ஒரு கட்சி, சாயந்திரம் ஒரு கட்சி என்று எம்.எல்.ஏ.க்கள் தாவிக்கொண்டிருந்த காலத்துக்கு அது மருந்து. மருந்து கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும், அது நம்பிக்கை வாக்கெடுப்பாக இருந்தாலும் சரி, ஏதோ ஒரு சின்ன மசோதாவாக இருந்தாலும் சரி. ஆட்சியைத் தாங்குகிற ஓட்டுகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு மற்றதில் எம்.பி.க்களை விட்டுவிடலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990லேயே சொன்னது. யாரும் கண்டுகொள்ளவில்லை, எந்தக் கட்சித் தலைமைக்கும் அது பிடிக்காது. இதனால் தராசே திரும்பிவிட்டது. எம்.பி.க்களைப் பார்த்துப் பிரதமர் பயந்த முறையில், பிரதமரையும் கட்சித் தலைமையையும் பார்த்து எம்.பி.க்கள் பயப்படுகிறார்கள்.

இங்கிலாந்தில் 1979, 1983, 1987 என்று மூன்று தேர்தலைத் தொடர்ந்து ஜெயித்துக்கொடுத்த மார்கரெட் தாட்சரை, 1990 நவம்பரில் அவருடைய கட்சி எம்.பி.க்களே இறக்கினார்கள். முதல் சுற்றில் 204 பேர் அவருக்குப் போட்டும் போதவில்லை, விலகினார். பொதுத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை, அதே எம்.பி.க்கள் ஜான் மேஜரைக் கொண்டுவந்தார்கள், ஆட்சி அப்படியே தொடர்ந்தது. நாம் அவர்களிடமிருந்து பிரதமர் நாற்காலியை எடுத்துக்கொண்டோம், அதை அசைக்கிற கையை விட்டுவிட்டோம். அங்கே புதன்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் பிரதமர் எழுந்து நின்று எந்தக் கட்சி எம்.பி.யின் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும், இங்கே அப்படித் தனியாக ஒரு நேரம் கிடையாது.

சரி, பேசாமல் மக்களே பிரதமரை நேரடியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன என்று டிவி விவாதத்தில் அவ்வப்போது யாராவது கேட்பார்கள். இஸ்ரேல் செய்து பார்த்தது. 1996, 1999, 2001 என்று மூன்று தடவை பிரதமருக்குத் தனி ஓட்டு. ஒரு ஓட்டைப் பிரதமருக்குப் போட்டவர்கள் இன்னொரு ஓட்டைத் தங்கள் இனம், சமயம், வந்த நாடு என்று சின்னச் சின்னக் கட்சிகளுக்குப் போட்டார்கள். சபை இன்னும் துண்டு துண்டாக உடைந்தது, பிரதமருக்கு ஜெயித்த பெருமை இருந்ததே தவிர சபை கையில் இல்லை. 2001லேயே அந்த முறையைக் கைவிட்டுப் பழையபடி திரும்பிவிட்டார்கள். "பிரதமர் வேட்பாளர் யார்" என்று தினமும் கத்துகிற நம்ம நெறியாளர்கள் இதை ஒரு நாளாவது சொன்னால் தேவலை.

கொறடா கையைக் கட்டினாலும் வாயைக் கட்டவில்லை, உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான். கேள்வி நேரத்துக்குக் கொறடா உத்தரவு கிடையாது. மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம், ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், உங்கள் கேள்விக்குக் குலுக்கலில் இடம் கிடைத்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் சொல்லி அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், அது போனதற்கு இந்த ஊரில் ஒரு தெருமுனைக் கூட்டமாவது நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. 17-வது மக்களவை தன் ஐந்து வருஷத்தில் மொத்தம் உட்கார்ந்தது 274 நாள். என் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷத்துக்கே 200 நாளுக்கு மேல் வேலை, லீவு போடாமல் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனிநபர் மசோதாவுக்கான நேரம். சுதந்திரம் வந்ததிலிருந்து 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக ஆனது 1970ல். அதனால் அது வீண் என்று நினைக்காதீர்கள். 2015 ஏப்ரலில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. சட்டமாகவில்லை, ஆனால் அரசாங்கத்தால் அந்த விஷயத்தை அதற்கப்புறம் மூடி வைக்க முடியவில்லை, 2019ல் தானே ஒரு சட்டம் கொண்டுவந்தது (அந்தச் சட்டத்தைப் பற்றித் திருநங்கையருக்கே நிறைய வருத்தம் உண்டு, அது தனிக் கதை). ஆளுங்கட்சியில் இல்லாத, நம் மாநிலத்து எம்.பி. ஒருவர் செய்தது இது.

ஆளுங்கட்சிப் பக்கம் போகப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அரசாங்கம் இல்லை. 2003ல் வந்த 91-வது திருத்தப்படி அமைச்சர்கள் எண்ணிக்கை மக்களவையின் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 543க்கு 81 பேர். அந்த 81 பேரும் மக்களவையிலிருந்தே வந்தாலும்கூட, மீதி 462 பேர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அரசாங்கத்துக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். பெரோஸ் காந்தி உட்கார்ந்திருந்த இடம் அதுதான்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கொள்கிறேன். உங்களைப் பார்த்தால் நாங்கள் கேட்பது தெருவிளக்கும் சாக்கடையும். அது கவுன்சிலர் வேலை என்று தெரிந்தும் கேட்போம், நீங்களும் சரி சரி என்று தலையாட்டுவீர்கள், அப்புறம் வருஷத்துக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு பஸ் நிழற்குடை முளைக்கும், பஸ் பேரைவிட உங்கள் பேர் பெரிதாக. நிழற்குடை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரம்பூரில் வெயில் தெரியும்தானே. ஆனால் அதற்கு மட்டுமே ஒருவரை டெல்லி வரைக்கும் அனுப்ப வேண்டுமா?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். வாசலுக்கு வரும்போது, ஆட்சி உங்கள் தலைவர் கையில் இருந்தால் எந்த விஷயத்தில் எழுந்து நின்று அவரைக் கேள்வி கேட்பீர்கள், எதிர்ப்பக்கம் இருந்தால் கத்திவிட்டு வெளிநடப்பு செய்வதைத் தவிர வேறு என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று தொகுதியில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து சொல்வீர்களா? எண்ணூர் அனல் மின் நிலையச் சாம்பலைப் பற்றியோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றியோ ஒரே ஒரு கேள்வியாவது பிரதமர் சபையில் இருக்கும்போது கேட்பீர்களா? முடியாது என்றால் முடியாது என்றே சொல்லுங்கள், கொறடா பயம் என்றால் அதையும் சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன், ஓட்டு யாருக்கு என்று யோசிக்க அது எனக்கு உதவும்.

நேரமில்லை, ஜீப் கிளம்புகிறது என்றால் எழுதியே கொடுத்துவிடுங்கள். நீங்கள் தருகிற நோட்டீஸில் முன்பக்கம் தலைவர் படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு வட சென்னை வாக்காளர்